காய்களுக்கு உயிர் தரும் இசை
(வியூக வீடியோ ஆட்டங்களின் இசை பற்றி ஓர் அறிமுகம்)

சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்திருக்கும் இருவரைப் பாருங்கள். பேச்சில்லை, பாட்டில்லை. 64 கட்டங்கள், 32 காய்கள், ஒரு கடிகாரம். 2024 டிசம்பரில் நம் சென்னை இளைஞர் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற ஆட்டமும் இத்தகைய மௌனத்தில்தான் நடந்தது. அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆடுகிறவரின் சிந்தனை கலையக் கூடாது என்பது மட்டுமன்று. பலகையில் நிற்கும் காய்கள் நமக்கு யாரும் அல்ல. ஒரு காலாள் வெட்டுண்டால் எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறோம். அவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தாய் இல்லை. அடுத்த ஆட்டத்தில் அதே காய் அதே கட்டத்தில் வந்து நிற்கும்.

அந்தக் காலாளுக்கு ஒரு பெயரும், ஒரு தங்கையும், பேசுவதற்கு நாலு வார்த்தையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அவன் வெட்டுண்டால் அடுத்த ஆட்டத்திலும் திரும்பி வரமாட்டான் என்று விதியை மாற்றிவிட்டால்? அப்பொழுது பலகையின் முன் மௌனமாக இருக்க முடியாது. அங்கே இசை வந்தே தீரும். அப்படி ஒரு வகை ஆட்டம் உலகில் தோன்றி 30 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அதனை 'ஸ்ட்ராட்டஜி ரோல் பிளேயிங் கேம்' என்பர். வியூகம் வகுத்து, வேடமேற்று ஆடும் ஆட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆட்டங்களின் இசை எப்படி உருவாகிறது, என்ன வேலை செய்கிறது, அதில் நமக்கு என்ன அக்கறை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

வீடியோ ஆட்டம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கவலையை ஒதுக்கிவிட முடியாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நாம் இங்கே பேசுவது அத்தகைய சூதாட்டத்தைப் பற்றி அன்று. ஒரு நாவலைப் போலக் கதை சொல்லும், ஒரு நாடகத்தைப் போலப் பாத்திரங்களை நிறுத்தும் ஆட்டங்களைப் பற்றியே.

ஆட்டமும் அதன் விதியும்

1990 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் 'ஃபயர் எம்ப்ளம்' என்ற ஆட்டம் வெளியாயிற்று. நின்டென்டோ நிறுவனத்தின் 'ஃபாமிகாம்' என்னும் சிறு பொறியைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து அதை ஆடவேண்டும். உருவாக்கிய நிறுவனம் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ்; வடிவமைத்தவர் ஷோசோ காகா; இசை அமைத்தவர் யூகா சுஜியோகோ என்னும் பெண்மணி. நாடிழந்த ஓர் இளவரசன் சிறு படையோடு புறப்பட்டுத் தன் மண்ணை மீட்கும் கதை. திரையில் கட்டம் கட்டமாக நிலம் விரியும். முதலில் நம் முறை. நம் வீரர்களை நகர்த்துகிறோம். பிறகு எதிரியின் முறை. இது வரையில் சதுரங்கம். ஆனால் ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் முகமும் உண்டு. எதிரிப் படையில் நிற்கும் ஒருவனிடம் தக்க ஆளை அனுப்பிப் பேசினால் அவன் நம் பக்கம் சேர்ந்துவிடுவதும் உண்டு. இறந்தவனோ இறந்தவன்தான். அவன் இடம் கதை முடியும் வரை காலியாகவே இருக்கும்.

இந்தக் கடுமையான விதிதான் அந்த இசைக்குப் பொருள் தருகிறது. நம் முறையின்போது நிமிர்ந்து நடக்கும் ஒரு மெட்டு ஒலிக்கிறது. 'முடித்துவிட்டேன்' என்று ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திய மறுகணம் மெட்டு மாறுகிறது. எதிரியின் முறைக்கு உரிய, நெஞ்சை அழுத்தும் மெட்டு தொடங்குகிறது. இனி நம் கையில் எதுவும் இல்லை. வகுத்த வியூகம் தாங்குமா, எல்லையில் நிறுத்திய வீரன் பிழைப்பானா என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக ஒருவன் நம் படையில் சேரும்போதோ துள்ளி எழும் மற்றொரு மெட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் களத்தில் இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். நம் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் பாத்திரம் வந்து நிற்கும்போதே, மிருதங்கத்தின் போக்கும் வருகைப் பாட்டும் வருவது இன்னார் என்று ஊருக்கு அறிவித்துவிடுகின்றன அல்லவா? அதே வேலைதான் இது.

ஐந்து குரல்களில் ஒரு போர்க்களம்

சுஜியோகோ அம்மையாருக்கு அன்று கிடைத்த கருவி என்ன தெரியுமா? 1983-இல் வந்த ஃபாமிகாம் பொறியின் ஒலிப்பகுதி ஒரே சமயத்தில் ஐந்து ஒலிகளை மட்டுமே எழுப்பக்கூடியது. அவற்றுள் இரண்டு, சதுர அலை எனப்படும் கூரிய ஒலிகள். மெட்டும் துணை மெட்டும் அவற்றில் வரும். மூன்றாவது, முக்கோண அலை. புல்லாங்குழல் போல் மெத்தென்று இருக்கும். கீழ்ஸ்தாயியில் அடித்தளம் போட அது பயன்பட்டது. நான்காவது வெறும் இரைச்சல். அதைத் துண்டு துண்டாக வெட்டினால் முரசும் சிங்கியும் போலக் கேட்கும். ஐந்தாவது, முன்பே பதிவு செய்த மிகச் சிறிய ஒலித்துணுக்கை மட்டும் வாசிக்க வல்லது. இந்த ஐந்துக்குள்தான் படையெடுப்பு, முற்றுகை, வெற்றி, துயரம் எல்லாம் அடங்கவேண்டும். வாள் மோதும் ஓசையும் இதே ஐந்திலிருந்துதான் வரவேண்டும். அந்த நேரத்தில் இசையின் ஒரு குரல் வழிவிட்டு ஒதுங்கும்.

இக்கட்டில்தான் உபாயம் பிறக்கும். மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கக் குரல் போதவில்லையா? மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாக ஒரே குரலில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். காது அவற்றை ஒன்று சேர்த்துக்கொண்டது. எதிரொலி வேண்டுமா? அதே மெட்டை இரண்டாம் குரலில் ஒரு கணம் தாமதித்து, சற்றுத் தணிந்து வாசித்தார்கள். நம் வடசென்னையில் கானா பாடுகிறவர்கள் வாத்தியம் கிடைக்காத இடத்தில் மேசைப் பலகையிலும் தீப்பெட்டியிலும் தாளம் போட்டுச் சபையைக் கட்டிப்போடுவார்கள். வசதி குறைந்த இடத்தில் மெட்டின் வலிமைதான் நிற்கவேண்டும். அன்றைய ஆட்ட இசைகள் இன்றும் வாயில் முணுமுணுக்கத் தக்கனவாக இருப்பதற்கு அந்த வறுமையே காரணம் என்று தோன்றுகிறது.

பின்னர்ப் பொறிகள் வளர்ந்தன. 1990 நவம்பரில் வந்த 'சூப்பர் ஃபாமிகாம்' எட்டுக் குரல்களையும், உண்மையான வாத்தியங்களின் ஒலித்துணுக்குகளையும் தந்தது. ஆனால் அத்தனை வாத்தியங்களும் 64 கிலோபைட் இடத்துக்குள் அடங்கவேண்டும். இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பலமடங்கு இடத்தை அடைக்கும். 1994 டிசம்பரில் வந்த 'பிளேஸ்டேஷன்' 24 குரல்களைத் தந்தது.

இந்தக் காலத்தில் புகழ் பெற்றவர்கள் ஹிதோஷி சகிமோட்டோ, மசஹரு இவாட்டா என்னும் இருவர். 'ஓகர் பேட்டில்' (1993), 'டாக்டிக்ஸ் ஓகர்' (1995), 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' (1997) ஆகிய ஆட்டங்களுக்கு இவர்கள் சேர்ந்து பணியாற்றினர். சகிமோட்டோ இசைஞர் மட்டுமல்லர்; கணிப்பொறியின் ஒலிப்பகுதியை இயக்கும் நிரலைத் தாமே எழுதியவர். 'டெர்ப்சிகோரியன்' என்று பெயரிட்ட அந்த நிரலை ஜப்பானில் வேறு பல ஆட்டங்களும் பயன்படுத்திக்கொண்டன. வீணை செய்யும் ஆசாரியும் வீணை வாசிக்கும் வித்துவானும் ஒருவரே ஆனது போன்ற நிலை அது. 24 குரல்களை வைத்துக்கொண்டு ஒரு முழு மேனாட்டு வாத்தியக் குழு வாசிப்பதாகவே எண்ணும்படி அவர்கள் செய்தார்கள்.

முடியாத பாட்டு

ஆட்ட இசைக்கும் திரைப்பட இசைக்கும் உள்ள முதன்மையான வேறுபாட்டை இங்கே சொல்லவேண்டும். திரைப்படத்தில் ஒரு காட்சி எத்தனை நிமிடம் என்பது இசையமைப்பாளருக்கு முன்பே தெரியும். நாயகன் கதவைத் திறக்கும் நொடியில் வயலின் உச்சத்துக்குப் போகுமாறு அவர் எழுதிவிடலாம். ஆட்டத்தில் அது இயலாது. ஒருவர் ஒரு போரை 10 நிமிடத்தில் முடிப்பார். மற்றொருவர் யோசித்து யோசித்து ஒன்றரை மணி நேரம் ஆடுவார். எழுதப்பட்ட இசையோ இரண்டு அல்லது மூன்று நிமிடந்தான். ஆகவே அது தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு போல, முடிவு தொடக்கத்தோடு வந்து சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கிற்று என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. இருபதாம் முறை கேட்டாலும் சலிக்கக் கூடாது. சிந்திக்கிறவரின் கவனத்தையும் பறிக்கக் கூடாது. மேடையில் கைதட்டு வாங்கும் பாட்டை எழுதுவதைவிட இது கடினமான வேலை.

இது முற்றிலும் புதிய கலையா என்றால், இல்லை என்பேன். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வாழும் பழைய தலைமுறை மீனவரைக் கேட்டால் இதன் இரகசியம் விளங்கிவிடும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு எத்தனை அடி என்று யாராவது வரையறுத்ததுண்டா? வலை கரைக்கு வரும் வரை பாட்டு உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்றுப் பாடுவர். வலை கனத்தால் பாட்டு மெதுவாகும், இலகுவானால் விரையும். பாட்டின் நீளத்தையும் வேகத்தையும் கடிகாரம் நிர்ணயிப்பதில்லை, வேலையே நிர்ணயிக்கிறது. விசைப்படகும் இயந்திரமும் வந்தபின் அம்பாப் பாட்டு அருகிப் போயிற்று. ஆனால் அதன் இலக்கணம் வேறொரு வடிவத்தில் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் உள்ள ஒலிக்கூடங்களில் பிழைத்திருக்கிறது என்றால் அது மிகையாகாது.

மழையும் இடியும்

களத்தின் நிலைக்கேற்ப இசை மாறும் முறையும் நாளடைவில் நுட்பமாயிற்று. பழைய ஆட்டங்களில் ஒரு மெட்டு நின்று மற்றொரு மெட்டு தொடங்கும். நிலப்படத்தில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். இரு வீரர்கள் மோதியதும் அது அறுந்து வேறொன்று வரும். மோதல் முடிந்ததும் பழையது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே போரில் இப்படி நூறு முறை அறுந்தால் காது என்னாவது?

2012-இல் வந்த 'ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்' ஆட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வழி கையாளப்பட்டது. ஒரே மெட்டை ஒரே வேகத்தில் இரண்டு விதமாக அமைத்தார்கள். ஒன்று அடக்கமானது, யோசிக்கும் வேளைக்கு உரியது. மற்றொன்று முரசும் பித்தளை வாத்தியங்களும் முழங்குவது. மோதும் வேளைக்கு உரியது. மோதல் தொடங்கியதும் முதலாவது தணிந்து இரண்டாவது மேலெழும். மோதல் முடிந்ததும் மறுபடி முன்னது. இரண்டும் ஒரே தாளத்தில் செல்வதால் மெட்டு எங்கும் அறுவதில்லை. ஒரே தொட்டியில் விழும் இரண்டு குழாய்களை மாற்றி மாற்றித் திருகுவது போன்றது இது. தொட்டியில் நீர் விழுவது நிற்பதே இல்லை. 2019 ஜூலையில் வந்த 'த்ரீ ஹவுசஸ்' ஆட்டத்தில் இந்த இரண்டு வடிவங்களுக்கும் 'மழை', 'இடி' என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள்.

பாணனின் பணி

இதுவரை இசையை ஆட்டத்தின் பின்னணியாகவே பார்த்தோம். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் இசை, ஆட்டத்தின் விதியாகவே அமைந்த இடமும் உண்டு. அந்தப் படையில் ஆடல்மகளோ பாணனோ இருப்பார்கள். 2003-இல் வந்த ஓர் ஆட்டத்தில் நினியன் என்ற ஆடல்மகளும், குழலூதும் அவள் தம்பி நில்ஸும் வருகிறார்கள். இவர்களுக்கு வாள் வீசத் தெரியாது. ஓர் அடி விழுந்தால் தாங்கமாட்டார்கள். ஆனால் களைத்து நிற்கும் வீரன் அருகே சென்று இவர்கள் பாடினாலோ ஆடினாலோ, தன் முறையை முடித்துவிட்ட அந்த வீரன் மறுபடியும் ஒருமுறை களத்தில் இறங்கலாம். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் தளபதியைக் காப்பதுபோலப் பாணனையும் நடுவில் வைத்துக் காப்பார்கள்.

இதைக் கேட்கும் தமிழ் மாணவருக்குச் சங்க இலக்கியம் நினைவுக்கு வராமல் போகாது. அரசனின் வீரமுரசைக் கட்டிலில் வைத்துப் போற்றிய நாடு இது. அந்த முரசுகட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய புலவர் மோசிகீரனாரைத் தண்டிக்காமல், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி, நம் கடற்கரையாகிய நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். நிலம் மாறினால் பறை மாறும், பண் மாறும். ஆட்ட இசையமைப்பாளர் மலைநாட்டுக்கு ஒரு மெட்டு, பாலைவனத்துக்கு ஒரு மெட்டு, துறைமுகத்துக்கு ஒரு மெட்டு என்று வகுப்பதும் இதே எண்ணத்தில்தான். ஆநிரை கவர்தல் முதல் வாகை சூடுதல் வரை போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனித் திணை வகுத்த நமக்கு, போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி இசை என்பது அந்நியமான கருத்தே அன்று.

வெற்றியைப் பாடாத இசை

போர் ஆட்டம் என்றால் போரைப் புகழும் ஆட்டந்தானே என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. பல ஆட்டங்கள் அப்படித்தான். ஆனால் இந்த வகையின் சிறந்த ஆட்டங்கள் வேறு வழியில் சென்றன.

யசுமி மட்சுனோ எழுதி வடிவமைத்த 'டாக்டிக்ஸ் ஓகர்' ஒரு தீவு நாட்டில் இனங்களுக்கிடையே நடக்கும் உள்நாட்டுப் போரைச் சொல்கிறது. கதையின் தொடக்கத்திலேயே ஓர் ஊர் வருகிறது. அவ்வூரில் இருப்பவர்கள் நம் இனத்தவர். அவர்களைக் கொன்றுவிட்டுப் பழியை எதிரியின் மேல் போடு; மக்கள் ஆத்திரங்கொண்டு நம் பின்னால் திரளுவார்கள் என்று தலைவரிடமிருந்து கட்டளை வருகிறது. ஏற்பதா, மறுப்பதா? ஆடுகிறவரே முடிவு செய்யவேண்டும். எதைச் செய்தாலும் கதை அந்த வழியில் செல்லும். செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள். அவரே எழுதிய 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' பிரபு குலத்தவனும் ஏழைக் குடியில் பிறந்தவனுமாகிய இரு நண்பர்களின் கதை. ஏழை நண்பனின் தங்கை பணயமாகப் பிடிபடுகிறாள். அவள் பிரபு குலத்தில் பிறந்திருந்தால் காத்திருப்பார்கள். ஏழைப் பெண் என்பதால் அவள் உயிரைப் பொருட்படுத்தாமல் அம்பு எய்யப்படுகிறது. அங்கிருந்துதான் நண்பர்கள் இருவரும் இரு திசையில் பிரிகிறார்கள்.

இத்தகைய கதைக்கு வெற்றி முழக்கம் மட்டும் இசையாக இருந்தால் அது பொய்யாகிவிடும். சகிமோட்டோவும் இவாட்டாவும் அதை உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய போர் மெட்டுகளில் முரசு உண்டு, எக்காளம் உண்டு; அவற்றின் அடியில் ஓர் இருள் ஓடிக்கொண்டே இருக்கும். படை வெல்கிறது, ஆனால் யாருக்காக வெல்கிறது என்ற ஐயம் அதில் கேட்கும். அவ்வாட்டங்கள் இன்னும் மறக்கப்படவில்லை. 'டாக்டிக்ஸ் ஓகர்' 2022-இல் இசைஞர்கள் நேரில் வாசித்துப் பதிவு செய்த புதிய இசையோடு மீண்டும் வந்தது. 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' 2025 செப்டம்பரில் புதுக்கோலத்தில் வெளிவந்தது.

சாவை இசையால் எதிர்கொள்வது நம் பகுதிக்கு நன்கு தெரிந்த செய்தி. இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இரவெல்லாம் கானா பாடுவார்கள். இறந்தவர் யார், என்ன தொழில் செய்தார், யாருக்கு என்ன உதவி செய்தார் என்பதெல்லாம் பாட்டில் வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. பெயரில்லாத காலாளாக யாரும் போவதில்லை. ஃபயர் எம்ப்ளம் ஆட்டம் தன் சிறிய அளவில் செய்ய முயல்வதும் இதையே: வீழ்ந்தவனுக்கு ஒரு பெயர், ஒரு கடைசி வார்த்தை, ஒரு மெட்டு.

உலகம் தந்த மதிப்பு

ஆட்ட இசையை நெடுங்காலம் உலகம் இசையாகவே மதிக்கவில்லை. அந்த நிலை மாறிவிட்டது. 'சிவிலிசேஷன் 4' (2005) என்ற நாகரிக வியூக ஆட்டத்துக்காகக் கிறிஸ்டஃபர் டின் அமைத்த 'பாபா யேட்டு' என்ற சுவாஹிலி மொழிப் பாடல் 2011-இல் கிராமி விருது பெற்றது. வீடியோ ஆட்டத்துக்காக எழுதப்பட்ட இசை அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2023 முதல் ஆட்ட இசைக்கெனத் தனிப் பிரிவே அவ்விருதில் உண்டு. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்தபோது ஒலித்தவை ஜப்பானிய ஆட்டங்களின் மெட்டுகளே. ஒரு நாடு தன்னை உலகுக்கு அறிமுகம் செய்துகொள்ளும் வேளையில் இந்த இசையைத் தேர்ந்தெடுத்தது சாதாரணச் செய்தி அன்று. அந்த ஒலிம்பிக்கில்தான் வடசென்னைப் பெண் பவானி தேவி, வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியராகக் களம் இறங்கினார் என்பதையும் நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஒலி எங்கே?

இனி நமக்குரிய கேள்விக்கு வருவோம். இந்த உலகில் நம் இசைக்கு என்ன இடம்?

'சிவிலிசேஷன் 6' (2016) ஆட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மெட்டு உண்டு. பண்டைக்காலத்தில் அது சில வாத்தியங்களோடு எளிமையாக ஒலிக்கும். காலம் முன்னேற முன்னேற அதே மெட்டு வளர்ந்து அணுயுகத்தில் முழு வாத்தியக் குழுவோடு முழங்கும். இந்தியாவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது காந்தியடிகளுக்கு உகந்த 'வைஷ்ணவ ஜன தோ'. ஜெஃப் நார் என்ற அமெரிக்கர் அதை அமைத்தார். நல்ல தேர்வே. ஆனால் இமயம் முதல் குமரி வரை ஒரே மெட்டுப் போதுமா? வெளிநாட்டு ஆட்டங்களில் இந்தியக் காட்சி வந்தால் சித்தாரும் தபலாவும் ஒலிப்பது வழக்கமாகிவிட்டது. நாகசுரமும் தவிலும், பறையும் உறுமியும், முகவீணையும் வில்லும் அங்கே கேட்பது அரிது. 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற போர் வியூக ஆட்டத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் கதையாக வந்தன. அதில் வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள். மொழி வந்துவிட்டது. இசையும் முழுமையாக வரவேண்டும்.

வரமுடியும் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் டொரொண்டோ நகரில் தமிழர் ஒருவர் தொடங்கிய 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இதில் போர் இல்லை. 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். தாயின் பெயர் வெண்பா. இட்லியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். அடுக்களையில் வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் வரும் பாட்டுகளும் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாணியில் மாறிக்கொண்டே வருகின்றன. பழைய பாட்டுகளை எடுத்துப் போடவில்லை. எல்லாம் ஆட்டத்துக்கென்றே புதிதாக அமைத்தவை. பாட்டின் பாணியைக் கேட்டே காலம் கடந்ததை உணர்கிறோம். இவ்வாட்டம் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதையும், தனியார் சிறு ஆட்டங்களுக்கான உலக விழாவின் தலைமைப் பரிசையும் வென்றது. தமிழ் ஒலி வேண்டாம், விலைபோகாது என்று சொல்வாருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல்

திருவொற்றியூருக்கு இசை புதிதன்று. தியாகராச சுவாமிகள் இவ்வூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகன் இவ்வூர்ப் பெயரையே சேர்த்துத் திருவொற்றியூர்த் தியாகையர் என்று புகழ்பெற்றார். அந்த மரபு ஒருபுறம். 1856-இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்து வண்டியோசை, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த புல்லட் வண்டியின் இதயத்துடிப்பு, கப்பலின் சங்கொலி, விடியுமுன் காசிமேட்டில் எழும் ஏலக் குரல் ஆகியவை மறுபுறம். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவை மேடையேற்றியபோது சென்னையே திரும்பிப் பார்த்தது. இத்தனை ஒலிகளும் ஒரு இசையமைப்பாளருக்குச் செல்வம்.

இச்செல்வம் என்றும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அம்பாப் பாட்டு அருகிவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பரவியபோது, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பிழைப்பே முடங்கியது. தொழில் போனால் தொழிலோடு பிறந்த பாட்டும் போகும். அதைக் கேட்ட காதுகள் இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கையிலுள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. பதிந்த ஒலியை வெட்டி ஒட்ட 'அடாசிட்டி', இசைக்குறிப்பு எழுத 'மியூஸ்ஸ்கோர்', ஆட்டமே உருவாக்க 'கோடோ' ஆகிய நிரல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐந்து குரல்களை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி போர்க்களத்தையே படைத்திருக்கிறார். நமக்கு அந்தக் குறை இல்லை. தமிழ்த்துறை மாணவர் புறத்திணையை எடுத்துச் சொல்லட்டும்; கணிப்பொறித் துறை மாணவர் நிரல் எழுதட்டும்; கானா பாடும் நண்பர் மெட்டுப் போடட்டும். உங்கள் தாத்தாவுக்கு ஓர் அம்பாப் பாட்டு தெரிந்திருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரருகில் அமர்ந்து அதைப் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்தக் குப்பத்தில், எந்த வேலையின்போது என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். நாளை நெய்தல் நிலத்தில் ஒரு வியூக ஆட்டம் எழும்போது அதற்குரிய பறை நம்மிடம் தயாராக இருக்கவேண்டும்.